சாக்கு உறைக்குள் இருந்த சத்தம்

ஜப்பான்காரன் காலத்தில் பாதியை ஒரு செட்டியார் வீட்டு மோட்டார்க் காடிக்கு அடியில் மல்லாந்து படுத்தே கழித்தேன். மீதிப் பாதி சயாமில் போனது. இரண்டில் எது சொகுசு என்று கேட்டால் காடிக்கு அடிதான் என்பேன். அங்கே முகத்தில் எண்ணெய் மட்டும்தான் சொட்டும்.

மலாக்காவில் காஜா பெராங் பக்கம் இருந்தது அந்தச் செட்டியாரின் வீடு. கப்பல் நின்றுபோனதால் குடும்பத்தோடு இங்கேயே மாட்டிக்கொண்டவர். டவுனுக்கு வெளியே அவருக்கு ஒரு கித்தா, அதாவது ரப்பர், தோட்டம் இருந்தது. மரத்தில் பாதியை வெட்டிவிட்டு மரவள்ளி போட்டிருந்தார். கிழங்கை ஜப்பான்காரன் கிடங்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததால், ஊரில் மற்றவர் காடியெல்லாம் பறிபோனபோது அவருடையது மட்டும் அவரிடமே இருந்தது. குடும்பம் மொத்தமும் ஏறினாலும் இடம் மிச்சமிருக்கிற பெரிய காடி. பெட்ரோல் கிடையாது. பின்னால் ஒரு கரி அடுப்பு டிரம்மைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள்.

காடிக்குக் கொடுத்த பெர்மிட்டோடு இரண்டு கைத்துணிகளும் வந்தன. ஜப்பான் எழுத்துப் போட்ட துணி, மேல்கையில் கட்டிக்கொள்வது. ஒன்று டிரைவருக்கு. அவர் என் அக்காள் புருஷன். இன்னொன்று பிட்டருக்கு. அது நான். எனக்கு முன்பு காடி கழுவுகிற வேலைதான். ஸ்பேனருக்குப் பெயர் தெரியும், எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்பது போகப் போகத் தெரியும் என்ற நிலை. அக்காள்தான் மச்சானை நச்சரித்து, மச்சான்தான் செட்டியாரிடம், “இவன் காடிய மோந்து பாத்தே நோவ சொல்லிருவான் முதலாளி” என்று அளந்து, என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

அந்தத் துணி கையில் இருந்தால் ஆள்பிடிக்கிற லோரி நம்மைப் பார்க்காமல் போகும். இல்லாவிட்டால் பசாரிலோ காப்பிக் கடையிலோ நிற்கிறவனை நின்ற கோலத்தில் ஏற்றிக்கொண்டு போவான். சயாமில் ரயில் போடும் வேலை. போனவன் திரும்பி வந்து எப்படி இருந்தது என்று சொன்னதாக யாருக்கும் தெரியாது. குளிக்கும்போதும் துணியை அவிழ்க்காத ஆள் நான். கையில் அந்த இடம் மட்டும் ஊறிப்போய் வெள்ளையாக இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் காடி முனக ஆரம்பித்தது.

சத்தம் முன்னால் இடது பக்கம் என்றார் செட்டியார். பின்னால் என்றார் ஆச்சி. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த அவர்கள் மகள், “என் இடுப்புக்குள்ளதான் கேக்குது” என்றாள். அவரவர் உட்கார்ந்த இடத்தில் அவரவருக்கு ஒரு சத்தம்.

“ஏம்ப்பா, இது காடியா செக்கா?” என்றார் செட்டியார் என்னைப் பார்த்து. “நீ மோந்து பாத்தே சொல்லிருவியாமே. மோந்து பாரு.”

மோந்து பார்த்தேன். கரி நாற்றம்தான் வந்தது. அதனால் காதை வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மச்சான் மெதுவாக ஓட்ட, நான் பக்கவாட்டு மிதிபலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி ரோதாச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கவிட்டேன். காஜா பெராங் சடக்கில் தொடங்கி பண்டார் ஹிலிர் வரைக்கும் இந்த ஊர்வலம். கோழிகளும் பிள்ளைகளும் பின்னால் ஓடி வந்தன. சென்ட்ரி நிற்கிற இடத்தில் எல்லாரும் இறங்கிக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும், வைக்காதவனுக்கு அறை. மச்சான் நிறுத்தினார். நான் இறங்குவதற்குள் சோல்ஜர் குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த என் தலையைப் பார்த்தான். இவ்வளவு தாழ்வான வணக்கத்தை அவன் மலாயாவில் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

அப்படியும் சத்தம் பிடிபட்டது. பின்னால் வலது பக்கம். பள்ளத்தில் இறங்கும்போது ஒரு கிரீச், ஏறும்போது இன்னொரு கிரீச். ஸ்பிரிங் பட்டைகள்தான்.

அந்தக் காலத்துக் காடிக்கு ரோதாவுக்கு மேலே வளைந்த இரும்புப் பட்டைகள், நீளமானது ஒன்று, அதைவிடக் குட்டை, அதைவிடக் குட்டை என்று அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். காடி குலுங்கும்போது ஒன்றோடொன்று உரசும். இடையில் கிரீஸ் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்துபோனால் கத்தும். சண்டை வந்த பிறகு கிரீஸைக் கண்ணால் கண்டவன் யார்? எங்கள் பட்டைகள் துருப்பிடித்துக் கடித்துக்கொண்டு கிடந்தன.

பிரித்தேன். பிரிப்பது லேசு, திரும்பி அடுக்குவதுதான் வினை. நம்பர் எழுதி வைக்க எனக்குப் படிப்பு ஏது? அதனால் கூர் உளியை வைத்துச் சுத்தியலால் நடு ஓட்டைக்குப் பக்கத்தில் புள்ளி குத்தினேன். நீளப் பட்டைக்கு ஒரு புள்ளி, அடுத்ததுக்கு இரண்டு, இப்படியே. என் புள்ளிகள் வரிசையில் நிற்காது, குடித்தவன் நடை மாதிரி கோணிக்கொண்டு போகும். துருவைச் சுரண்டி, செம்பனை எண்ணெய் தடவி அடுக்கி, எண்ணெய் வடிந்து போகாமலிருக்க எண்ணெயில் ஊறப்போட்ட சாக்கைப் பட்டைமேல் சுற்றி, சணல் ஊசியால் தைத்து உறை போட்டேன். என் தையல் பல் போனவன் சிரித்த மாதிரி இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள், காடிக்கு அடியில்தானே.

சத்தம் நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை உஜோங் பாசிர் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போய் வந்தார்கள். வரும் வழியில் ஆச்சி தூங்கிவிட்டார். “பரவாயில்லையே” என்றார் செட்டியார். அவர் ஒரு தடவைதான் சொன்னார். நான் அதை ஊர் முழுக்கச் சொல்லி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

பிறகு சத்தம் திரும்பி வந்தது. இப்போது கிரீச் இல்லை. டொக்! பள்ளத்தில் விழுந்ததும் காடியின் வலது பின்பக்கம் அப்படியே உட்கார்ந்து, இரும்பும் இரும்பும் மோதுகிற டொக். ஆச்சியின் தலை கூரையில் இடிக்கும்.

பட்டை தொங்குகிற வளையத்தில் புஷ் தேய்ந்திருக்கும் என்று நினைத்து, பழைய டயரை வெட்டிப் புஷ் செய்து போட்டேன். டொக். கரி டிரம்மின் கனம்தான் அமுக்குகிறது என்று அதை அவிழ்த்து இடது பக்கம் தள்ளிக் கட்டினேன். டொக் அப்படியே இருக்க, புகை மட்டும் ஆச்சி பக்கம் திரும்பியது. கதவு, மட்கார்ட், சீட்டுக்குக் கீழே இருந்த சாமான் பெட்டி, எதையும் விடவில்லை. தையலைப் பிரித்துப் பட்டையைப் பார்க்கலாம் என்று ஊசியை எடுத்தபோதெல்லாம் மச்சான் தடுத்தார்.

“ஒறைய பிரிக்காத மாப்ள. அந்த எண்ணெய்க்கு மறுபடி எங்க போவ? நல்லா இருக்கறத நோண்டிதான் நீ எதையும் கெடுப்ப.”

அதில் நியாயம் இருந்தது. நல்லா இருக்கிறதை நோண்டிக் கெடுக்கிறவன்தான் நான். விட்டுவிட்டேன்.

ஒரு நாள் செட்டியார் கூப்பிட்டார். மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக்கு இந்தக் காடியில்தான் போக வேண்டும்.

“வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள அந்தச் சத்தம் நிக்கணும். இப்பிடித் தூக்கிப் போட்டா என் மக வழியிலயே பெத்துருவா. முடியலன்னா அந்தத் துணியக் கழட்டி வச்சுட்டுப் போயிரு. கட்டிக்க ஆயிரம் பேரு காத்துக்கெடக்கான்.”

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அக்காள் வீட்டுக்குப் போனேன். நான் கல்யாணம் ஆகாதவன், வாரத்தில் பாதி நாள் அங்கேதான் சாப்பாடு. ஊர் முழுக்க மரவள்ளி தின்றுகொண்டிருந்தபோது அக்காள் தட்டில் சோறு போட்டாள். நல்ல வெள்ளைச் சோறு.

“என்னக்கா, ஒன் வீட்டு மாடத்துல நெல்லு வெளையுதா?”

“பேசாம தின்னுடா. மச்சான் தோட்டத்துப் பக்கம் மலாய்க்காரன் கம்பத்துல மாத்திக்கிட்டு வராரு.”

எதைக் கொடுத்து மாற்றினார் என்று கேட்கிற புத்தி வாயில் சோறு இருக்கும்போது எனக்கு வராது. பக்கத்தில் மச்சானின் தம்பியும் தின்றுகொண்டிருந்தான். எஸ்டேட்டில் ஆள் பிடிக்கிறார்கள் என்று ஓடி வந்து அந்த வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தான். வெளியே லோரிச் சத்தம் கேட்டால் கவளத்தை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவான். அவனைப் பார்த்து நான் என் கைத்துணியைத் தடவிக் காட்டுவேன். அவனும் சிரிப்பான்.

நான் குடியிருந்தது கம்போங் செட்டியில் ஒரு வீட்டின் பின்னறையில். வீட்டுக்காரர் மலாக்காச் செட்டி. கோயில், திருநீறு எல்லாம் நம்மைவிடப் பலமாக இருக்கும், பேச்சு மட்டும் மலாய். தமிழில் என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டுவிட்டு மீதியை மலாயில் தொடருவார். வியாழக்கிழமை காலையில் அவர் வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். கையில் புதுப் பாராங் கத்தி.

“தம்பி, தெங்கோக்!” என்று ஒரே வெட்டில் தேங்காயை இரண்டாக்கிக் காட்டினார். பார் என்று அர்த்தம். நானும் பார்த்தேன். கத்தி என்றால் கத்திதான். கையில் வாங்கிப் பார்த்தேன். கொல்லன் கூரை மட்டும் அடித்துத் தீட்டிவிட்டு, பிடிக்குப் பக்கத்தில் இரும்பை அப்படியே விட்டிருந்தான். அங்கே பாதி ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகள், குடித்தவன் நடை.

என் எழுத்தை இன்னொரு ஆள் கையில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எங்கே வாங்கினீர்கள் என்று மலாயில் கேட்டேன். தோட்டத்து முனையில் ஒரு கொல்லன் இருக்கிறான், காடி இரும்பு, அதனால்தான் இந்தக் கூர் என்றார். இரும்பு கொண்டுவந்தது யார்?

“டிரைபர் லா,” என்றார். “லு புன்யா மச்சான்.”

உன் மச்சான்தான் என்கிறார். நான் சிரித்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூன்று புள்ளிப் பட்டை இவர் வீட்டில் தேங்காய் உரிக்கிறது, நான் அதற்காக ஆச்சி முகத்தில் புகை விட்டிருக்கிறேன்.

செட்டியார் வீட்டுப் பின்னால் காடி நிற்கிற கொட்டகைக்குப் போனேன். மச்சான் இல்லை. சாக்கைப் போட்டு அடியில் படுத்து, உறையை அறுக்கக் கத்தியை வைத்தேன். வைத்த கை நின்றுவிட்டது. மேலே அப்பியிருந்த சேற்றில் இத்தனை நாள் கவனிக்கவில்லை, தையல் என்னுடையது இல்லை. நெருக்கமாக, அளவெடுத்த மாதிரி, வரிசை முடிகிற இடத்தில் எல்லாம் இரட்டை முடிச்சு. துணி பஞ்சத்தில் அப்போது நாங்களும் சாக்கில்தான் கால்சட்டை போட்டிருந்தோம். என் கால்சட்டையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதே இரட்டை முடிச்சு. அக்காள் தைத்துக் கொடுத்தது.

மச்சான் திருடினார் என்பதைப் பாராங்கைப் பார்த்ததுமே என்னால் தாங்க முடிந்தது. மச்சான்கள் அப்படித்தான். இது வேறு.

அறுத்துப் பார்த்தேன். நீளப் பட்டையை எடுத்தால் காடி நிற்காது, அதனால் அதைத் தொடவில்லை. நடுப் பட்டைகளை உருவிவிட்டு, பீப்பாயைச் சுற்றுகிற இரும்பு வளையத்தை நறுக்கி அந்தக் கனத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து தடவிப் பார்த்தால் தடிப்பு சரியாக இருக்கும். பாரம் ஏறினால் டொக்.

அக்காள் வீட்டுக் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, செட்டியாரு காடிக்குச் சட்ட தச்சியா?”

“என்னடா ஒளர்ற?”

“பின்னால, வலது பக்கம். எனக்குத் தச்சத விட நல்லாவே இருக்கு.”

துணியைப் பிழிந்து வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

“கெழங்கத் தின்னு புள்ளைங்களுக்குக் காலு வீங்கிப்போச்சுடா. நீயும் பாத்ததானே? என்ன செய்யச் சொல்ற?”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“ஒங்கிட்டயா? ஒன் வாயில ஒரு ரகசியம் பசார் வரைக்கும் தாங்குமா?”

தாங்காது. அதுவும் உண்மைதான்.

“நாளைக்குள்ள சத்தம் நிக்கலன்னா என் துணி போயிரும். அது தெரியுமா?”

“தெரியும்.” சோப்பு நுரையைக் கையால் ஒதுக்கினாள். “நீ கெட்டிக்காரன்டா. எப்பிடியாச்சும் நிப்பாட்டிருவன்னு நெனச்சேன்.”

இதில் எனக்குச் சந்தோஷம் வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. கெட்டிக்காரன் என்று என்னைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். பாராங்கில் புள்ளியைப் பார்த்தது, வீட்டுக்காரர் சொன்னது, எல்லாவற்றையும் கதையாக நடித்தே காட்டினேன். சத்தம் கேட்டு மச்சான் வந்து முழுதும் கேட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, முதலாளிகிட்ட சொல்லிறாத. நீ பட்டைய மட்டும் சரியா போட்டு முடி. மத்தத நான் பேசிக்கிறேன்.”

உஜோங் பாசிர் போகிற வழியில், வெள்ளைக்காரன் ஓடும்போது விட்டுவிட்டுப் போன எரிந்த லோரி ஒன்று அலூர்ச் சாக்கடையில் சாய்ந்து கிடந்தது. அதன் ஸ்பிரிங்கை மச்சானும் நானும் சேர்ந்துதான் கழற்றினோம். லோரிப் பட்டை அகலம் அதிகம். மச்சான் பிடித்துக்கொள்ள, நான் அரத்தால் ஓரத்தை ராவினேன். கை கொப்பளித்து உடைந்தது. பொழுது சாய்வதற்குள் அடுக்கி, எண்ணெய் தடவி, உறை போட்டு, என் பல்லுப்போன தையலைப் போட்டேன். அன்றைக்கு அவர் எனக்குச் சுருட்டுப் பற்றவைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை செட்டியார், ஆச்சி, மகள் மூவரும் ஏறினார்கள். நான் மிதிபலகையில், இந்தத் தடவை நின்றுகொண்டு. டவுனில் தெரிந்த பள்ளம் ஒவ்வொன்றிலும் மச்சானிடம் காடியை இறக்கச் சொன்னேன். டொக் இல்லை, கிரீச் இல்லை. ஆச்சி மடியில் இருந்த வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு சிந்தவில்லை. “இப்பத்தான் அடுப்பு பொகையற சத்தமே கேக்குது” என்றாள் மகள்.

வீட்டு முற்றத்தில் இறங்கியதும் செட்டியார் கேட்டார். “நல்லாத்தான் செஞ்சிருக்க. என்னதாம்ப்பா கோளாறு இத்தன நாளா?”

புஷ் என்று ஒரு கதை தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் மச்சான் முன்னால் வந்தார்.

“நீ சொல்றியா மாப்ள, நான் சொல்லட்டா?”

குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து, வேண்டாம் என்று அவருக்குக் கண் காட்டினேன்.

“இவன்தான் முதலாளி பட்டைய உருவி வித்தான். கொல்லன்கிட்ட. இவன் குடியிருக்கற வீட்டுக்காரன் கையிலேயே ஒரு பாராங் இருக்கு. இவன் குத்துன புள்ளி கூட அதுல அப்பிடியே இருக்கு. வேணும்னா எடுத்தாரச் சொல்லுங்க.”

நான் நடித்துக் காட்டிய கதை, வார்த்தை மாறாமல். ஆளை மட்டும் மாற்றியிருந்தார்.

அக்காள் மச்சானுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். செட்டியார் அவளைக் கூப்பிட்டார். “நீ சொல்லும்மா. ஒன் கூடப்பொறந்தவன்.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஒற தைக்கச் சொல்லி அவன்தான் சாக்கு கொண்டாந்து குடுத்தான் முதலாளி. எதுக்குன்னு எனக்குத் தெரியாது.”

“நான் இல்ல முதலாளி,” என்றேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு நேராக ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. செட்டியாருக்கு அது பழக்கமில்லை. “எல்லாத்துலயும் வெளையாட்டுதானா ஒனக்கு?” என்றார். ஆச்சி கூட இலேசாகச் சிரித்தார். இவன் அடுத்து ஏதோ சொல்லிச் சிரிக்க வைப்பான் என்று எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

துணியை அவிழ்த்தது மச்சான்தான். ஊறிப்போன முடிச்சு, விரலால் வராமல் பல்லால் கடித்து இழுத்தார். அடுத்த ஆளுக்கு அவர் எங்கேயும் தேட வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் அவர் தம்பி அதைக் கட்டிக்கொண்டு காடியில் முன்சீட்டில் போவதைப் பார்த்தேன். நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத பயல். தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, காடிக்கு ஒரு நோவும் இல்லையே. நான் அவ்வளவு நன்றாகச் செய்து வைத்திருந்தேன்.

லோரிக்காரன் என்னைப் பசாரில் பிடித்தான். வெறும் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னான், காட்டினேன்.

சயாமைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. திரும்பி வந்தேன். ஒரு கால் புண்ணில் பாதி போயிருந்தது. ஊருக்குள் நுழைந்ததும் பார்த்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வி கேட்டார்கள். “நல்ல சம்பளம்னு நீங்களா போனீங்களாமே? ஒங்கக்கா கால்ல விழுந்து தடுத்தும் கேக்கலயாமே?” கோயில் பூசாரி கூட, “கூடப்பொறந்தவ பேச்சக் கேட்டிருக்கலாம்ப்பா” என்று திருநீறு கொடுத்தார்.

அக்காளிடம் கேட்டேன். மச்சான் வேலைக்குப் போயிருந்தார்.

“வேற எப்பிடிடா சொல்றது?” என்றாள். “புள்ளைங்க இருக்கற வீடு.”

அவள் போட்ட பாயில்தான் படுத்தேன், போக வேறு இடம் இல்லை. பிள்ளைகள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கால் வீக்கமெல்லாம் வடிந்து நன்றாக வளர்ந்திருந்தார்கள். பெரியவன் என் புண்காலைத் தொடாமல் எட்ட இருந்து பார்த்துவிட்டுக் கேட்டான்.

“மாமா, நீங்களா ஆசப்பட்டுத்தான் சயாமுக்குப் போனீங்களாமே? எதுக்கு?”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

“ஆமாடா,” என்றேன். “ஒங்கம்மா சமையல் அவ்வளவு மோசம்.”

பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அடுப்படியில் அக்காளும் சிரித்தாள். நல்ல சத்தமாகவே சிரித்தாள்.